ஊசிக்குத்தான் முதல் செலவு

"எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பே செகண்ட்ஹாண்டில் ஒரு ரிக்கார்டு பிளேயர் வாங்கி வைத்திருந்தார். பெல்ட்டில் ஓடுவது. தினமும் காலையில் மாமியாருக்காக எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என் அப்பாவின் ரிக்கார்டுகள். அப்பா போன பிறகு எனக்கு வந்த சொத்து அவைதான். ஒவ்வொரு உறையிலும் அவர் கையெழுத்தும் வாங்கின தேதியும் இருக்கும். ஆறு மாதமாகப் பாட்டில் 'ஸ', 'ஷ' வரும் இடமெல்லாம் 'உஸ் உஸ்' என்று கரகரக்கிறது. இவர் எட்டுச் சாமான் எழுதி ஒரு லிஸ்ட் போட்டிருக்கிறார். 'மாசம் ஒண்ணா மாத்திட்டா புது மெஷின் மாதிரி ஆயிடும்' என்கிறார். மாமியாரோ, 'போன்ல போட்டா நன்னா கேக்கறதே, இதை எடைக்குப் போட்டாத்தான் என்ன' என்கிறார். நான் யார் பக்கம் பேசுவது?"

திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த கடிதம். கூடவே அந்த லிஸ்டையும் நகலெடுத்து அனுப்பியிருக்கிறார், கெட்டிக்காரப் பெண்! முதல் வரியில் ரப்பர் மேட். இரண்டாவது தங்க முலாம் பூசின ஒயர். மூன்றாவது ரிக்கார்டை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப். அப்புறம் கார்ட்ரிட்ஜ், பிரீஆம்ப், புதுக் கால்கள், பெல்ட். எல்லாவற்றுக்கும் கடைசியில், ஏதோ ஞாபகம் வந்து எழுதினது போல, ஊசி.

லிஸ்டில் தப்பில்லை, வரிசைதான் தலைகீழ். இந்த இதழில் அதையே எடுத்துக் கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பரணிலிருந்து அப்பாவின் பெட்டியை இறக்கித் துடைத்துப் பாட வைக்கும் வீடுகள் இப்போது நிறைய. "என்னமோ ஆம்பிளைங்க சமாசாரம்" என்று ஒதுங்கிவிடாதீர்கள். குக்கருக்கு காஸ்கெட் மாற்றத் தெரிந்தவளுக்கு, கிரைண்டர் கல் எப்போது கொத்த வேண்டும் என்று மாவைத் தொட்டே சொல்லத் தெரிந்தவளுக்கு, இதில் புரியாதது ஒன்றுமில்லை.

மாமியாருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சுப்ரபாதத்தைப் போனில் கேட்பதில் ஒரு குறையும் இல்லை. எம்.எஸ். அம்மா அதை ரிக்கார்டாகக் கொடுத்தது 1963ல். இன்று அது எங்கும் கிடைக்கும். ஆனால் உங்கள் அப்பா கையெழுத்துப் போட்ட தட்டு வேறு எங்கும் கிடைக்காது. மெஷின் பழுதானால் இன்னொரு மெஷின் வாங்கலாம். தட்டின் கோடு தேய்ந்தால் தேய்ந்ததுதான். அதை ஒட்டவும் முடியாது, திருப்பி வெட்டவும் முடியாது. அதனால் எந்தச் சாமான் முதலில் என்று கேட்டால், தட்டைத் தொடுகிற சாமான்தான் முதலில். தட்டைத் தொடுவது ஊசி ஒன்றுதானே!

நீளமாகப் பாடும் பிளாஸ்டிக் தட்டில், அதாவது எல்.பி.யில், கோடு தலைமயிரை விட மெல்லிசு. அதன் இரண்டு சுவர்களிலும் பாட்டு நெளிநெளியாக வெட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சுவர்களை உரசிக் கொண்டே போவது ஊசியின் நுனியில் இருக்கும் பொடிசு வைரக்கல். வைரமானாலும் தேயும். தேயும்போது உருண்டையாக இருந்த பக்கங்கள் தட்டையாகி ஓரம் கூராகிவிடும். பிறகு அது ஊசியாகப் பாடாது, உளியாகச் செதுக்கும். முதலில் கெடுவது 'ஸ', 'ஷ' போன்ற மெல்லிய, வேகமான சத்தங்கள். அதிலும் தட்டின் நடுவை ஒட்டிய கடைசிப் பாட்டில் அதிகம். அங்கே கோடு சின்ன வட்டமாகிவிடுவதால் நெளிவுகளும் நெருங்கி நிற்கும். சகோதரி எழுதியிருப்பது அச்சாக இதே அறிகுறி. சுப்ரபாதத்தில் 'ஸ'வுக்கும் 'ஷ'வுக்கும் பஞ்சமா என்ன, அதனால்தான் அதில் முதலில் காதில் விழுந்திருக்கிறது.

ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு பக்கம் ஓட 20 நிமிஷம் என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 120 மணி. ஆறு வருஷத்தில் 720. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி வீதம் இன்னும் 300க்கு மேல். ஆயிரம் மணி தாண்டியாச்சு! ஜப்பானின் ஆடியோ டெக்னிகா கம்பெனி தன் ஊசிகளுக்குச் சொல்லும் ஆயுள், உருண்டை முனைக்கு 500 மணி, நீள்வட்ட முனைக்கு 300 மணி. மைக்ரோலீனியர் என்ற விலை கூடிய முனைக்கு 1000. டென்மார்க்கின் ஆர்ட்டோஃபான் கம்பெனி, சுத்தமாக வைத்துக் கொண்டால் 1000 மணி வரை போகும் என்கிறது. இரண்டில் யார் கணக்கை எடுத்துக் கொண்டாலும் உங்கள் வீட்டு ஊசிக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. செகண்ட்ஹாண்டில் வாங்கும்போதே அது எத்தனை மணி ஓடியிருந்ததோ, அது தனி.

ஆகையால் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். புது ஊசி வரும் வரை அப்பாவின் தட்டு ஒன்றைக்கூட அந்த மெஷினில் போட வேண்டாம். மாமியார் சொன்னபடி பதினைந்து நாள் போனிலேயே சுப்ரபாதம் கேட்கட்டும். அவருக்கும் தன் பேச்சு எடுபட்டது என்று ஒரு திருப்தி.

ஊசி வாங்கும்போது கார்ட்ரிட்ஜின் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். ஊசியைப் பிடித்திருக்கும் சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ், பெயரும் நம்பரும் அதன் மேலேயே இருக்கும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாம்மா, பொருந்தும்" என்றால் நம்பாதீர்கள். ரவிக்கை அளவு மாதிரிதான் இதுவும். பொருந்துவது வேறு, சேருவது வேறு. பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்களில் ஊசிப் பகுதி மட்டும் முன்பக்கமாகக் கழன்று வரும். எந்தக் கருவியும் வேண்டாம். வெளிச்சத்தில் உட்கார்ந்து, மெஷின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, நிதானமாகச் செய்யலாம். மாவு பிசைந்த கையோடு மட்டும் போகாதீர்கள்!

அடுத்தது பெல்ட். அதுவும் குக்கர் காஸ்கெட் கதைதான். உபயோகித்தாலும் தளரும், உபயோகிக்காமல் வைத்தாலும் விறைக்கும். நீண்டு போன பெல்ட் வழுக்கும், பாட்டு ஆடும். வீணை, வயலின் மாதிரி நீண்டு ஒலிக்கும் ஸ்வரங்களில் இந்த ஆட்டம் நன்றாகத் தெரியும். வேகம் சரியா என்று பார்க்க ஒரு காசு செலவில்லாத வழி இருக்கிறது. எல்.பி. நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே மூன்றில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதாவது மூன்று நிமிஷத்தில் சரியாக 100 சுற்று. உதவாத ஒரு தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒட்டிச் சுழல விட்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். மூன்று நிமிஷத்தில் 97தான் வந்தது என்றால் மெஷின் சோம்பல் படுகிறது. 100க்கு ஒன்று முன்னே பின்னே என்றால் பொருட்படுத்த வேண்டாம்.

புது பெல்ட்டுக்குப் பழையதை அளந்து கொண்டு போகாதீர்கள், அதுதான் நீண்டு போயிருக்கிறதே! மெஷின் மாடல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். வெந்நீரில் போட்டுப் பழைய பெல்ட்டைச் சுருக்கும் வித்தை ஒன்றும் நடமாடுகிறது. அவசரத்துக்கு ஆகலாம், நிலைக்காது. பெல்ட் மாற்றும் நாளிலேயே சுழல் தட்டைத் தூக்கி, நடு அச்சில் உள்ள பழைய எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் இரண்டே சொட்டு விடலாம். கைப்புத்தகம் வேறு எண்ணெய் சொன்னால் அதுதான். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ கூடவே கூடாது, நாளாவட்டத்தில் பிசினாகி அச்சைப் பிடித்துக் கொள்ளும். அதேபோல் பெல்ட்டிலும், பெல்ட் ஓடும் விளிம்பிலும் எண்ணெய்க் கை படக் கூடாது.

பெல்ட் இல்லாத மெஷின்களும் உண்டு. பழைய ஆட்டோ சேஞ்சர்களில் ஒரு ரப்பர் சக்கரம் சுழல் தட்டின் உள் விளிம்பை உரசித் தள்ளும். அது இறுகிப் போனால் பாட்டுக்கு அடியில் குடகுடவென்று மாட்டு வண்டிச் சத்தம் கேட்கும். அங்கே பெல்ட்டுக்குப் பதில் அந்தச் சக்கரத்தை மாற்ற வேண்டும். டெக்னிக்ஸ் மாதிரி சில மெஷின்களில் மோட்டாரே நேராகச் சுழல் தட்டைத் திருப்புகிறது. அவர்களுக்கு இந்தச் செலவே இல்லை.

போன வருஷம் கோவை வாசகி ஒருவர் எழுதியிருந்தது ஞாபகம் வருகிறது. அமெரிக்காவிலிருந்து மைத்துனர் தூக்கிக் கொண்டு வந்த பழைய டர்ன்டேபிள். வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் வைத்தாயிற்று. ஆனாலும் பெண் குரலெல்லாம் ஆண் குரலாகக் கேட்கிறதாம். பெல்ட்டை இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள், பாவம். குற்றம் பெல்ட்டில் இல்லை. அங்கே மின்சாரம் நொடிக்கு 60 துடிப்பு, நம் ஊரில் 50. அந்தக் காலத்து மோட்டார்கள் பல, துடிப்பை எண்ணித்தான் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர துடிப்பை மாற்றாது. 33 சுற்றுக்குப் பதில் 28ஐக்கூட எட்டாது. மோட்டார் முனையில் இருக்கும் கப்பியை 50 துடிப்புக்கு ஏற்றதாக மாற்றினால் சரியாகிவிடும். ஜப்பானிலேயே கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60. அதனால் பல ஜப்பான் மெஷின்களுக்கு இரண்டு விதக் கப்பியும் உண்டு. வெளிநாட்டிலிருந்து யாராவது பழைய மெஷின் கொண்டு வருகிறேன் என்றால், முதுகுப் பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் 50 என்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அடாப்டரில் ஓடும் புது மாடல்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

ஊசியும் பெல்ட்டும் ஆயிற்றா, இனி எடை. ஊசி தட்டின் மேல் எவ்வளவு கனத்தோடு உட்கார வேண்டும் என்று கார்ட்ரிட்ஜ் கம்பெனியே சொல்லியிருக்கும். இப்போதைய காந்தக் கார்ட்ரிட்ஜ்களுக்குப் பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து இரண்டு கிராம். நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், இரண்டு கிராம் என்பது கால் பவுன். கால் பவுன் மோதிரத்தின் கனம்தான், ஆனால் அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியில் இறங்குகிறது. கையின் பின்பக்கம் இருக்கும் குண்டைத் திருகி இதைச் சரி செய்யலாம். ஊசியின் கனம் பார்க்கவென்றே சின்ன டிஜிட்டல் தராசு விற்கிறார்கள். லிஸ்டில் இல்லாத ஒன்பதாவது சாமானாக அதை நான் சேர்க்கிறேன். தங்க ஒயரை அடித்துவிட்டு இதை எழுதிக் கொள்ளுங்கள்.

பாட்டு ஒரே இடத்தில் துள்ளினால் கையின் தலையில் நாலணாக் காசை வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். நாலணா செல்லாமல் போய் வருஷங்கள் ஆகியும் வழக்கம் மட்டும் போகவில்லை. இரண்டு கிராமில் நிற்க வேண்டிய ஊசிக்கு அது அப்படியே இரட்டைப் பாரம். எதிர்ப்பக்கம் போகிறவர்களும் உண்டு. "கனம் குறைச்சா ரிக்கார்டு தேயாது" என்று ஒரு கிராமுக்கு இறக்கி வைப்பார்கள். அதுவும் கெடுதல்தான். போதிய கனம் இல்லாத ஊசி கோட்டுக்குள் நிற்காமல் சுவருக்குச் சுவர் மோதும். அந்த மோதல் அழுத்துவதை விட மோசம். கம்பெனி சொன்ன கனம் எதுவோ அதை வைத்தால் போதும்.

இடம் பார்ப்பதற்குச் செலவே இல்லை. கொத்தனாரின் ரசமட்டத்தைக் கடன் வாங்கிச் சுழல் தட்டின் மேல் வைத்துப் பாருங்கள். கோணலாக இருந்தால் காலுக்கு அடியில் அட்டை மடித்து வையுங்கள். ஸ்பீக்கர் இருக்கும் மேஜையிலேயே மெஷினை வைக்காதீர்கள், ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்கு ஏறி 'ஊம்' என்று முனகும். குழந்தை குதிக்கும் வீட்டில் சுவரில் அடித்த கனமான பலகைதான் உத்தமம். புதுக் கால்கள் என்று லிஸ்டில் இருப்பதை, பலகை அடித்த பிறகும் துள்ளினால் யோசிக்கலாம். துள்ளாது என்றே நினைக்கிறேன்.

இவ்வளவும் செய்து முடித்தபின் ஒரு மாதம் சும்மா இருங்கள். கேளுங்கள். கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டுமா என்ற கேள்வியை அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். பல வீடுகளில் அந்தக் கேள்வியே எழாமல் போய்விடும்.

எழுந்தால், இப்படிச் செய்யச் சொல்லுங்கள். சில கம்பெனிகள் ஒரே உடம்பில் பல தர ஊசிகள் பொருந்துவது போலக் கார்ட்ரிட்ஜ் செய்கின்றன. ஆடியோ டெக்னிகாவின் வி.எம்.95 வரிசை அப்படி. முதலில் குறைந்த விலையில் நீள்வட்ட ஊசியோடு வாங்கலாம். அது தேய்ந்த பிறகு, எப்படியும் ஊசி வாங்கத்தானே போகிறோம், அப்போது அதே உடம்புக்கு மைக்ரோலீனியர் ஊசி வாங்கிச் சொருகலாம். ஆர்ட்டோஃபானின் 2எம் வரிசையில் சிவப்பு வாங்கினவர்கள் பின்னால் நீல ஊசி மட்டும் வாங்கி மாட்டிக் கொள்வார்கள். பாத்திரம் ஒன்று, மூடி மட்டும் மாற்றுகிற மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாக என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதற்கு இதுதான் நல்ல அர்த்தம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லா மெஷினும் இப்படி வளராது. எச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரி அந்தக் காலத்துப் பெட்டிப் பிளேயர்களிலும், இப்போது கலர் கலராக விற்கும் சூட்கேஸ் மாடல்களிலும் இருப்பது காந்தக் கார்ட்ரிட்ஜ் அல்ல, செராமிக் என்ற வேறு ஜாதி. அது நிறைய மின்சாரத்தைத் தரும், நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போய்விடும். காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது அதில் துளியூண்டு, சில மில்லிவோல்ட். அதைப் பெரிதாக்க ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும். பெரிதாக்குவது மட்டுமல்ல, தட்டு வெட்டும்போது கீழ்ச் சத்தத்தைக் குறைத்து மேல்ச் சத்தத்தைக் கூட்டி வெட்டியிருப்பார்கள், அதைத் திருப்பிச் சமன் செய்வதும் அதன் வேலை. தவிர, செராமிக் ஊசிக்காகச் செய்த கனத்த கை, மெல்லிய காந்த ஊசியைத் தாங்கி நடத்தாது. ஆக, கார்ட்ரிட்ஜ் மாற்றினால் பிரீஆம்ப், பிரீஆம்ப் வந்தால் கை, கை வந்தால் மோட்டார் குடகுடக்கிறது என்று செலவு வால் பிடித்துக் கொண்டே போகும். அப்படிப்பட்ட பெட்டிக்குப் புது ஊசி, ரப்பர் சக்கரம், எண்ணெய், இதோடு நிறுத்துங்கள். இரண்டாவது பிரதி கிடைக்கும் தட்டுகளை மட்டும் அதில் போடுங்கள். அப்பாவின் தட்டுகளுக்கு வேறு மெஷின்தான் வழி. சகோதரியின் கடிதத்தில் கை கழற்றும் தலையோடு இருப்பதாகவும், பின்னால் எடைக்குண்டு இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். அது வளரக்கூடிய மெஷின்தான், கவலை வேண்டாம்.

"இதுக்கு முடிவே கிடையாதா அக்கா?" என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறார். ஸ்காட்லாந்தில் லின் என்றொரு கம்பெனி. 1973ல் சோண்டெக் எல்.பி.12 என்று ஒரு டர்ன்டேபிளை விற்க ஆரம்பித்தார்கள். இன்றும் அதே பெயரில் அதையே விற்கிறார்கள். இத்தனை வருஷங்களில் அச்சு, மோட்டாருக்கு மின்சாரம் தரும் பகுதி, கை, அடிப்பலகை எல்லாவற்றுக்கும் மேலான பாகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 2020ல் கரூசல் என்று ஒரு புது அச்சு கொண்டு வந்தார்கள். அதை ஆரம்ப காலத்து மெஷினிலும் பொருத்திக் கொள்ளலாம். அப்பா வாங்கின மெஷினில் பெயர்ப் பலகை தவிர பாதிக்கு மேல் மாறிவிட்டிருக்க, மகன் அதையே அப்பாவின் மெஷின் என்று சொல்லிக் கொண்டிருப்பான். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாகங்களின் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். முழுசாக மேல்தரத்துக்கு ஏற்றினால் லட்சங்கள் பல. ஆக, முடிவு மெஷினிடம் இருக்காது. வீட்டில்தான் வைக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பாகம்தான் மாற்றுவது என்று வைத்துக் கொள்ளுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது நல்லது செய்தது என்று யாருக்கும் தெரியாது. பணம் மூன்றுக்கும் போயிருக்கும். மாற்றும் முன்பு ஒரு பாட்டு, மாற்றிய பின்பு அதே பாட்டு, சத்தமும் அதே அளவு. சத்தம் ஒரு பிடி கூடினாலே எல்லாருக்கும் "ஆகா, நன்னா இருக்கே" என்று தோன்றும், அதில் ஏமாறக் கூடாது. எதை மாற்றினீர்கள் என்று சொல்லாமல், மாமியாரைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். சுப்ரபாதத்தில் ஒவ்வொரு எழுத்தும் அவருக்குத் தெரியும். அவரை விட நல்ல பரீட்சை அதிகாரி உங்கள் கணவருக்குக் கிடைக்க மாட்டார். "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை" என்று அவர் சொல்கிற நாளில் லிஸ்டை மடித்து வைத்துவிடலாம். பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தத் தேதியில் என்ன மாற்றியது, என்ன விலை என்று எழுதிக் கொண்டு வாருங்கள். ஊசி மாற்றிய தேதி கட்டாயம். அடுத்த ஊசி எப்போது என்று அதுதான் சொல்லும்.

லிஸ்டில் மிச்சம் இருப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய மேட் விறைத்து ஓரம் தூக்கிக் கொண்டிருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் போதும். கிளாம்ப், தட்டு வளைந்திருக்கும் வீட்டுக்குத்தான். தங்க முலாம் ஒயர் வேண்டவே வேண்டாம். இருக்கிற ஒயரின் முனையைத் துடைத்து இறுக்கமாகச் சொருகினாலே கொரகொரப்பு பாதி போய்விடும். தங்கம் வாங்குகிற காசு இருந்தால் அது போக வேண்டிய இடம் நமக்குத் தெரியாதா என்ன!

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேய்ந்த ஊசியால் கெட்டதை விடத் தூசியால் கெட்ட தட்டுகள் நம் ஊரில் குறைவில்லை. ஒவ்வொரு தடவையும் போடும் முன் தட்டைக் கார்பன் நார்ப் பிரஷ்ஷால் சுற்றுவாட்டில் துடைக்க வேண்டும். ஊசியைப் பின்னிருந்து முன்னால், ஒரே திசையில், மெல்ல. முன்னிருந்து பின்னால் தள்ளினால் ஊசித் தண்டு மடங்கிவிடும். விரலால் தொடவே கூடாது.

குழந்தை இருக்கும் வீடு என்பதால் இதையும் கவனியுங்கள். கழற்றின ஊசி ஒரு நகத்தளவு கூட இருக்காது. தரையில் விழுந்தால் இரண்டரை வயதுக் கைக்குத்தான் முதலில் அகப்படும், நேரே வாய்க்குப் போகும். மாற்றுகிற அன்று குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிடுங்கள். பழைய ஊசியைக் காலி மாத்திரை டப்பியில் போட்டு மூடி ஒட்டிவிட்டுக் குப்பையில் சேருங்கள். "இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும்" என்று எடுத்து வைக்காதீர்கள், உதவாது. துடைக்கும் ஸ்பிரிட் பாட்டில் மேல் தட்டில், மருந்துகளோடு. மெஷினின் அடிப்பலகையைத் திறக்கிற வேலை, ஒயர் பற்றவைக்கிற வேலை எதுவானாலும் தெரிந்த மெக்கானிக்கிடம்தான். பழைய மெஷின்களின் மெயின் ஒயரில் உறை வெடித்திருக்கும், அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக, அப்பாவின் பெட்டியில் "கனமாக, கறுப்பாக, ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான் பாடும்" என்று இரண்டு தட்டுகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அவை 78 சுற்றுத் தட்டுகள். அரக்குச் சேர்த்துச் செய்தவை, கை நழுவினால் கண்ணாடி மாதிரி உடையும். அவற்றின் கோடு அகலம். எல்.பி. ஊசியின் முனை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 15 முதல் 18 பங்கு என்றால், இவற்றுக்கு வேண்டியது 75 பங்கு. எல்.பி. ஊசியை இதில் வைத்தால் கோட்டின் அடியில் உட்கார்ந்து கூழாங்கல்லில் நடப்பது மாதிரி கரகரக்கும், ஊசியும் கெடும். மெஷினில் 78 வேகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வி.எம்.95 உடம்புக்கே 78க்கென்று தனி ஊசி உண்டு, கனத்தை மட்டும் அந்த ஊசிக்குச் சொன்னபடி மாற்றி வைக்க வேண்டும். இந்த இரண்டு தட்டையும் ஸ்பிரிட்டால் மட்டும் துடைத்துவிடாதீர்கள். மரவேலைக்காரர்கள் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில்தானே. தட்டின் மேல் தோலே கரைந்து வந்துவிடும். ஈரம் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி, உடனே காய்ந்த துணியால் துடைத்து, புதுக் காகித உறையில் போட்டுச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். அப்பா கையெழுத்துப் போட்ட பழைய உறையைத் தனியாக, அதன் பின்னாலேயே வைத்துக் கொள்ளலாம்.